ஒரு ரவுண்டை உட்கார்வதிலிருந்து கையெழுத்து வரை: செஸ் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் கூட வருபவர்களுக்கும்

மதுரையைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சிறுவர் போட்டிகளில், பத்து வயதுப் பிள்ளை ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) தெரியாமல் தோற்பது குறைவுதான். கை முந்திக்கொண்டு தோற்பதுதான் அதிகம். யோசிக்கும் முன்னே காயைத் தொட்டுவிடுவது, மேட் இல்லாததை மேட் என்று நம்பிக் கைகொடுப்பது, ராணி கூடுதலாக வைத்துக்கொண்டு ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழி இல்லாமல் போய் டிரா ஆவது) பண்ணுவது, ரிசல்ட்டைத் தப்பாக எழுதியதில் கையெழுத்துப் போடுவது. வீட்டில் யூடியூப் பார்த்து நாலு வேரியேஷன் மனப்பாடம் செய்த பிள்ளையும் இதில் மாட்டும். அதனால் ஓப்பனிங் பாடத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு ரவுண்டை ஆடி முடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

முந்தின நாள்

போட்டி நோட்டீஸை பிள்ளையும் சேர்ந்து ஒரு தடவை படிக்கட்டும். வயதுப் பிரிவு பெரும்பாலும் ஜனவரி 1ஆம் தேதிக் கணக்கில்தான் இருக்கும். பிறந்த சான்றிதழ் அல்லது ஆதார் நகல் ஒன்று பையில் கிடக்கட்டும். போர்டும் கிளாக்கும் அவர்களே தருகிறார்களா, நாம் கொண்டு வர வேண்டுமா என்பதையும் பாருங்கள். பல சிறு போட்டிகளில் போர்டு நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது டைம் கன்ட்ரோல், அதாவது ஒருவருக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு. 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி கூடும் என்று போட்டிருந்தால் அது ரேபிட். நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி என்றால் ஸ்டாண்டர்டு. கடைசி நகர்வு வரை எழுதியே ஆக வேண்டும். எழுதிப் பழகாத பிள்ளையை நேராக ஸ்டாண்டர்டு போட்டியில் உட்கார வைத்தால் முதல் ரவுண்டில் பாதிக் கவனம் பேனாவில்தான் இருக்கும்.

தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்திலும், திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியிலும் இறங்குவார்கள். அங்கிருந்து அரங்கத்துக்கு டவுன் பஸ் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போட்டி என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாலும் தப்பில்லை. லேட்டாக வந்தால் போர்டில் நம் கிளாக்தான் ஓடும். நோட்டீஸில் சொன்ன நேரத்தைத் தாண்டினால் ஆடாமலே ஒரு பாயின்ட் போய்விடும்.

சாப்பாடு எளிது: காலையில் இட்லி, மதியம் தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோ வீட்டிலிருந்தே. பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் கடைசி ரவுண்டு முடிந்த பிறகு. சாப்பிட்ட கனத்தில் மூன்று மணி ரவுண்டில் தூங்கி வழிகிற பிள்ளைகள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

உட்கார்ந்ததும்

யார் யாரோடு ஆடுவது என்று போட்டிருக்கும் பேரிங் பட்டியலில் பார்க்க வேண்டியது மூன்று: போர்டு எண், நிறம், எதிராளி பெயர். பக்கத்து போர்டில் போய் உட்கார்ந்து முழு ஆட்டமும் ஆடி முடித்த பிள்ளைகள் உண்டு. எதிரில் உட்கார்ந்தவரிடம் பெயர் கேட்டுவிட்டாலே இது தீரும்.

அடுத்து போர்டு. இரண்டு பேருக்கும் வலது கை ஓரத்தில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில். ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பது ரேபிட்டில் அடிக்கடி நடக்கும். இருவரும் பத்து நகர்வு முடித்துவிட்டால் அதற்குப் பிறகு முறையிட முடியாது; அப்படி இடம் மாறி நின்ற ராஜாவுக்குக் கேஸ்லிங்கும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) கிடையாது. கிளாக்கில் இரண்டு பக்கமும் ஒரே நேரம் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கிளாக் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர். அதற்கு எதிராளியோடு இழுபறி வேண்டாம்.

செல்போன், ஸ்மார்ட் வாட்ச் இரண்டையும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி அதோடு பிடிபட்டால் ஆட்டமே போய்விடும். நேரம் பார்க்கத்தான் கட்டினேன் என்று சொல்லிப் பயனில்லை.

கையை அடக்குவது

தொட்ட காயை நகர்த்த வேண்டும். எதிராளி காயைத் தொட்டால், வெட்ட வழி இருந்தால் வெட்ட வேண்டும். இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது இதன் ஓரங்கள்தான்.

கேஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டு, அதே கையால் யானையைத் தாண்டி வைக்க வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் அந்த நகர்வில் முடியாது. யானையைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு கையில் ராஜா, மறு கையில் யானை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்குகிற பழக்கம் வீட்டு ஆட்டத்தில் வந்துவிடும். ஒரு நகர்வுக்கு இரண்டு கையையும் பயன்படுத்திக் கிளாக்கை அழுத்தினால் அது இல்லீகல் மூவுக்கு (விதிக்குப் புறம்பான நகர்வுக்கு) சமம். வெட்டும்போதும் அப்படித்தான்: இடது கையால் எதிராளி காயை எடுத்து, வலது கையால் நம் காயை வைக்கக் கூடாது. நகர்த்திய கையாலேயே கிளாக்கையும் அழுத்த வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் முதல் இல்லீகல் மூவுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவது வந்தால் ஆட்டம் போச்சு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கிளாக்கை அழுத்தினால்தான் இல்லீகல் மூவ் முழுமையாகும். செக்கைக் கவனிக்காமல் பிஷப்பை நகர்த்திவிட்டோம், இன்னும் கிளாக்கை அழுத்தவில்லை என்றால் தண்டனை இல்லை, திருப்பி எடுக்கலாம். ஆனால் தொட்டது பிஷப் என்பதால், அந்த பிஷப்பால் செக்கை மறைக்கவோ செக் வைத்த காயை வெட்டவோ முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். முடியாவிட்டால்தான் வேறு காய்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது பதற்றத்தில் சிப்பாயை அங்கே வைத்து, வாயால் "ராணி" என்று சொல்லிக் கிளாக்கை அழுத்திவிடுவார்கள். அதுவும் இல்லீகல். ராணியை எடுத்து வைத்த பிறகுதான் கிளாக். ராணி கிடைக்கவில்லை என்றால் கிளாக்கை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிடலாம், அதற்கு அனுமதி உண்டு. யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொன்னால் விதிப்படி அது யானைதான்.

கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய, நம் முறை வரும்போது, தொடும் முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். தொட்டுவிட்டுச் சொன்னால் செல்லாது.

இதற்கெல்லாம் ஒரே பயிற்சிதான். எதிராளி நகர்த்தும் வரை இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருக்கட்டும். நம் முறை வந்தாலும், எந்தக் காய், எந்தக் கட்டம் என்று இரண்டும் முடிவான பிறகே ஒரு கை மேலே வரலாம். வீட்டில் இரண்டு வாரம் இப்படி ஆடினால் அரங்கத்தில் தானாக வரும்.

முதல் பத்து நகர்வில் வரும் பொறிகள்

ஒன்பது வயதுக்குக் கீழே இருக்கும் பிரிவில் முதல் இரண்டு ரவுண்டில் நாலு நகர்வு மேட் கண்டிப்பாக ஒரு போர்டிலாவது நடக்கும். வெள்ளை இ4, கறுப்பு இ5 (வெள்ளைப் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேல் 1 முதல் 8 வரை; இங்கே இருவரும் ராஜாவுக்கு முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள்). வெள்ளை ராணியை எச்5இல் கொண்டு வந்து நிறுத்தும். கறுப்புக்கு உடனே ஜி6 சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டக் கை துறுதுறுக்கும். தள்ளினால், ராணி இ5 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக், கூடவே எச்8 யானைக்கும் குறி. யானை போய்விடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் குதிரை சி6, இ5ஐக் காக்க. வெள்ளை பிஷப்பை சி4க்குக் கொண்டு வந்து எஃப்7இல் மேட் மிரட்டும். இப்போதுதான் ஜி6. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7ஐப் பார்க்கும், குதிரை எஃப்6. அவ்வளவுதான், இனி கறுப்புக்குப் பயமில்லை, வெள்ளை ராணிதான் ஓடிக்கொண்டிருக்கும். ஜி6க்குப் பதில் எஃப்6 குதிரையை முதலில் வைத்தால் எஃப்7இல் மேட்.

அடுத்த படி, பதினொன்று, பதின்மூன்று வயதுப் பிரிவில் வருவது. இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவும். எஃப்7ஐ இரண்டு காய் தாக்குகிறது. கறுப்பு டி5 தள்ளி பிஷப்பின் வழியை அடைக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் டி5இல் வெட்டியதும், அதைக் குதிரையால் வெட்டத்தான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழும். ராஜா அதை வெட்ட, ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா நடுப்பலகைக்கு வர வேண்டியிருக்கும். டி5இல் வெட்டாமல், சி6 குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்கினால் கறுப்பு ஒரு சிப்பாய் குறைவாக, ஆனால் நல்ல ஆட்டத்தோடு இருக்கும். இந்த இரண்டு பொறியும் தெரிந்த பிள்ளைக்கு, மற்றபடி குதிரை, பிஷப் வெளியே, சீக்கிரம் கேஸ்லிங் என்பது போதும். அதற்கு மேல் ஓப்பனிங் புத்தகம் இந்த வயதில் பெரிய பலன் தராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

நேரத்தைச் செலவழிப்பது

15 நிமிடம், 5 விநாடி ஆட்டத்தில் 40 நகர்வு ஆடினால் கையில் இருப்பது 1100 விநாடி. நகர்வுக்குச் சராசரி 27 விநாடி. பிள்ளைகள் பெரும்பாலும் நகர்வுக்கு நாலைந்து விநாடியில் ஆடி, கிளாக்கில் 15 நிமிடத்தையும் அப்படியே மிச்சம் வைத்துத் தோற்கிறார்கள். மிச்ச நேரத்துக்குப் பாயின்ட் கிடையாது. முதல் பத்து நகர்வுக்கு மூன்று நிமிடம், கடைசிக்கு என்று இரண்டு நிமிடம் ஒதுக்கி, நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தையும் செலவழித்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்த 27 விநாடியில் என்ன செய்வது? எதிராளி நகர்த்தியதும் முதல் கேள்வி: இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது? இரண்டாவது, பிள்ளைகள் மறப்பது: இது எந்தக் கட்டத்தை விட்டு வந்தது, அதனால் பின்னால் எந்த வழி திறந்தது? யானைக்கோ பிஷப்புக்கோ வழிவிட்டு நகரும் காயில்தான் பாதி ராணிகள் போகின்றன. பிறகு நம் நகர்வை முடிவு செய்து, கையைத் தூக்கும் முன் கடைசியாக ஒன்று: நான் இதை வைத்த பிறகு எதிராளிக்குச் செக் உண்டா, வெட்டு உண்டா? இரண்டுக்கும் பதில் இருந்தால் வைக்கலாம்.

கேஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாயும் நகராமல் நின்றால், கடைசி வரிசையில் யானை வந்து மேட் வைக்கும். அவசரம் இல்லாத ஒரு நகர்வில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராஜாவுக்கு ஜன்னல் திறந்து வைத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும்.

எழுத வேண்டிய ஆட்டத்தில் வரிசை இது: நகர்த்து, கிளாக், எழுது. முன்கூட்டியே எழுதி வைத்துப் பார்த்து ஆடுவதற்கு அனுமதி இல்லை.

தகராறு வந்தால்

வீட்டு விதிகள் நிறைய இருக்கின்றன. தனி ராஜாவை இத்தனை நகர்வுக்குள் மேட் பண்ண வேண்டும், வெட்டுப்பட்ட காய்தான் திரும்ப வரும், செக் சொல்லாமல் ராணியை வெட்டக் கூடாது. போட்டியில் இவை எதுவும் கிடையாது. செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. நகர்வு எண்ணிக்கையில் தெரிந்திருக்க வேண்டியது 50 விதி: இருவரும் ஐம்பது நகர்வு, வெட்டும் இல்லாமல் சிப்பாய் நகர்வும் இல்லாமல் ஆடியிருந்தால் டிரா கேட்கலாம். ஒன்-பாசான் வெட்டை (இரண்டு கட்டம் தள்ளிய சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் அடுத்த நகர்விலேயே வெட்டுவது) பார்த்து "இப்படி ஒரு விதியே இல்லை" என்று அழுகிற பிள்ளைகளை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். போகும் முன் அதை போர்டில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் எதிராளியோடு பேசக் கூடாது. கிளாக்கை நிறுத்து, கையைத் தூக்கு, "சார், இல்லீகல் மூவ்" என்று ஒரே வரி. ரேபிட்டில் இதை உடனே செய்ய வேண்டும். ஒவ்வொரு போர்டையும் ஆர்பிட்டர் பார்த்துக்கொண்டிருக்க முடியாத போட்டிகளில், நாம் அடுத்த நகர்வை ஆடிவிட்டால் எதிராளியின் தப்பு அப்படியே நிலைத்துவிடும். ஃபிளாக் விழுந்தாலும், அதாவது எதிராளியின் நேரம் தீர்ந்தாலும் அப்படித்தான்: யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காமல் நாமே கிளாக்கை நிறுத்திக் கூப்பிட வேண்டும். ஆனால் நம்மிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால், எதிராளி ஃபிளாக் விழுந்தாலும் அது டிராதான்.

எதிராளி "மேட்" என்று சொல்லிக் கையை நீட்டுவது தனி ரகம். கையைக் கொடுக்கும் முன் மூன்று பார்க்க வேண்டும்: ராஜா நகர இடம் உண்டா, செக் வைத்த காயை வெட்ட முடியுமா, நடுவில் ஒன்றை வைத்து மறைக்க முடியுமா. கைகொடுத்து ரிசல்ட்டிலும் கையெழுத்துப் போட்ட பிறகு, வழி இருந்தது என்று தெரிந்தாலும் அதை ரிசைன் செய்ததாக, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதேபோல், எதிராளி சும்மா கை நீட்டினால் அது ரிசைனா டிராவா என்று வாயால் கேட்டுவிட்டுத்தான் கைகுலுக்க வேண்டும். "நான் டிரான்னு நினைச்சேன்" என்ற அழுகை பாதி ரிசல்ட் தகராறுக்குக் காரணம்.

டிரா கேட்பதற்கும் முறை உண்டு: நகர்த்தி, டிரா கேட்டு, அப்புறம் கிளாக். எதிராளி யோசிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்தால் ஆர்பிட்டரிடம் சொல்லலாம். ஒரே நிலை மூன்றாம் தடவை வரப்போகிறது என்றால், நம் நகர்வை போர்டில் ஆடிவிடாமல் ஷீட்டில் எழுதிவிட்டு, கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். நகர்த்தக் காயைத் தொட்டுவிட்டாலே அந்தத் தடவை கேட்கும் உரிமை போய்விடும்.

ராணி மிச்சம் இருக்கும்போது

ஒரு ராணி, ஒரு ராஜா. எதிரில் தனி ராஜா. இதை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கத் தெரியாத பிள்ளை போட்டிக்குப் போக இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

செக் வைத்துக்கொண்டே துரத்தக் கூடாது. எதிராளி ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை நிறுத்துங்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ, ராணியும் அதே பக்கம் அதே அளவு. ராஜா தானாக ஓரத்துக்குப் போய் மூலையில் ஒடுங்கும். மூலைக்குப் போனதும் இந்த விளையாட்டை நிறுத்திவிட வேண்டும், இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். கறுப்பு ராஜா ஏ8இல் இருக்கும்போது வெள்ளை ராணி குதிரைத் தூரத்தில், அதாவது பி6இலோ சி7இலோ நின்றால் ஸ்டேல்மேட். அதற்குப் பதில் ராணியை டி7இல் நிறுத்திவிடுங்கள். ராஜா ஏ8, பி8 இரண்டுக்குள் மாறி மாறி நடந்துகொண்டிருக்கும், வெளியே வர முடியாது. ராணியைத் தொடாமல் நம் ராஜாவை நடத்திக் கொண்டு வந்து சி6இல் நிறுத்துங்கள். பிறகு ராணி பி7, மேட். மூன்று நாள், தினம் பத்து தடவை, வேறு வேறு கட்டத்திலிருந்து வைத்துப் பழகினால் கைக்கு வந்துவிடும்.

நிறையக் காய் கூடுதலாக இருக்கும்போது, எதிராளியிடம் நகரக்கூடிய சிப்பாய் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இருந்தால் ஸ்டேல்மேட் பயம் இல்லை. இல்லையென்றால் மெதுவாக. ஐந்து ராணி உண்டாக்கிக் காட்டும் ஆசையில்தான் அதிக ஸ்டேல்மேட் நடக்கிறது.

கூட வருகிறவர்களுக்கு

ஆட்டம் தொடங்கியதும் வெளியே போய்விடுங்கள். ஜன்னல் பக்கம் நின்று விரல் காட்டினால் அடி வாங்குவது பிள்ளை. எதிராளி ஏதோ தப்பு செய்ததைப் பார்த்தால்கூட பிள்ளையிடமோ எதிராளியிடமோ பேசக் கூடாது. ஆர்பிட்டரிடம் மட்டும் சொல்லலாம். கழிப்பறை போக வேண்டியிருந்தால் எதிராளி முறையில் போவதே நல்லது, நம் முறையில் போக ஆர்பிட்டர் அனுமதி வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

தோற்று வந்தால் தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்கார வையுங்கள். எங்கே தப்பு என்று அங்கேயே போர்டு விரித்து விசாரிப்பது அடுத்த ரவுண்டையும் கெடுக்கும். அந்த வேலை சாயங்காலம் வீட்டில். ஸ்விஸ் முறையில் ஒரு தோல்வியால் யாரும் வெளியே போவதில்லை; அடுத்த ரவுண்டில் ஏறக்குறைய அதே பாயின்ட் வைத்திருப்பவரோடு பேரிங் விழும்.

ஆட்டம் முடிந்ததும்

காய்களைக் கலைக்காதீர்கள். ஆர்பிட்டர் வந்து பார்க்கும் வரையோ, இருவரும் ரிசல்ட் எழுதும் வரையோ கடைசி நிலை அப்படியே இருக்கட்டும். ரிசல்ட் தாளில் இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் கறுப்பு: வெள்ளை ஜெயித்தால் 1-0, கறுப்பு ஜெயித்தால் 0-1. கறுப்பில் ஆடி ஜெயித்த பிள்ளை, "நான் ஜெயிச்சேன்" என்ற சந்தோஷத்தில் 1-0 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும். பேனா எடுக்கும் முன் "வெள்ளையா, கறுப்பா?" என்று ஒரு தடவை தன்னையே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த ரவுண்டு பேரிங் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எதிராளி பெயரை அல்ல, நம் பெயருக்கு நேராக இருக்கும் பாயின்ட்டை. தப்பாக ஏறியிருந்தால் அடுத்த ரவுண்டு தொடங்கும் முன் சொன்னால் சரிசெய்ய வழி இருக்கும். தொடங்கிவிட்டால் இன்னொரு போர்டில் உட்கார்ந்தவரையும் சேர்த்துக் குழப்ப வேண்டிவரும். கடைசி ரவுண்டு முடிந்து ஒரே பாயின்ட்டில் பலர் நின்றால் பெரும்பாலும் புக்ஹோல்ஸ் கணக்கில், அதாவது நம்மோடு ஆடிய எதிராளிகள் மொத்தம் எடுத்த பாயின்ட்டைக் கூட்டி வரிசை போடுவார்கள். ஆரம்ப ரவுண்டில் வலுவான பிள்ளையிடம் தோற்றவருக்கு அது சில சமயம் கைகொடுக்கும், ஆரம்பத்தில் லேசான எதிராளிகள் கிடைத்தவருக்கு அதே கணக்கு காலை வாரும். சண்டை போட அதில் இடமில்லை. எந்த டை-பிரேக் முதலில் என்பது நோட்டீஸிலேயே இருக்கும், பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.